உழவனுக்குச் சாட்சி யார்?

காலை ரயிலுக்கு எங்க திருநின்றவூர் ஸ்டேஷன்ல நிக்கிற கூட்டத்தில் பாதிப் பேர் அம்பத்தூர், ஆவடிப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போறவங்க. அவங்களுக்கு ஒரு பி.எஃப். நம்பர் இருக்கும், ஒரு இ.எஸ்.ஐ. அட்டை இருக்கும். இ.எஸ்.ஐ. சட்டம் 1948-ல் வந்தது, பி.எஃப். சட்டம் 1952-ல். ரெண்டுக்கும் ஆதாரம் ஒண்ணுதான், சம்பளம் கொடுக்க ஒரு முதலாளி இருக்கணும். அவர் தன் பங்கைப் போட்டு, தொழிலாளி பங்கையும் பிடிச்சுக் கட்டுவார். இன்னார் என்னிடம் வேலை பார்க்கிறார்னு எழுதியும் கொடுப்பார்.

தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் கயனியில நிக்கிறவனுக்கு அப்படி யாரும் இல்லை. முதலாளியும் அவனே, கூலியாளும் அவனே. அவனுக்கு ஒரு உதவி செய்யணும்னு அரசாங்கம் நினைச்சா முதல்ல வர்ற கேள்வி, இவன் உழவன்தான்னு சாட்சி சொல்றது யார்? கடந்த இருபது வருஷத்தில் திட்டத்தோட பேர், அட்டை, ஆபீஸ் எல்லாம் மாறினதைப் பத்தி எல்லாரும் பேசுறாங்க. சாட்சி மாறினதை யாரும் பேசுறதில்லை. அதைத்தான் எழுதுறேன்.

ஆதரவில்லாத வயசானவங்களுக்குப் பென்ஷன் நம்ம மாநிலத்தில் 1962-லேயே வந்துடுச்சு, அப்போ பேரு மதராஸ் மாநிலம். ஆனா அது கையில் ஒண்ணுமே இல்லாதவங்களுக்கு. அரை ஏக்கர் வச்சிருக்கிறவன் ஏழையும் இல்லை, பணக்காரனும் இல்லை, எந்தக் கணக்கிலும் வராத ஆளா ரொம்ப வருஷம் இருந்தான்.

2005-ல் ஜெயலலிதா ஆட்சியில் உழவர் பாதுகாப்புத் திட்டம் வந்தது. மறு வருஷமே ஆட்சி மாறிச்சு. கருணாநிதி அரசு அதை எடுத்துட்டு, 2006-ல் விவசாயத் தொழிலாளர்களுக்கும் விவசாயிகளுக்கும் சேர்த்து ஒரு சமூகப் பாதுகாப்புச் சட்டம் போட்டு நலவாரியம் வச்சது. 2011-ல் திரும்ப ஆட்சி மாறினதும் வாரியம் போச்சு, முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம்னு பழைய பேரே திரும்பி வந்தது. ஆறு வருஷத்தில் மூணு ஏற்பாடு. ஒவ்வொரு தடவையும் போட்டோ, ரேஷன் கார்டு ஜெராக்ஸ், வரிசை. நாத்து விடுற நேரத்தில் வரிசையில் நின்னா அன்னிக்குக் கூலி போச்சு. கம்பெனிக்காரனுக்கு லீவு உண்டு, நமக்கு ஏது?

ஆனா 2011 திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. 18-லேருந்து 65 வயசு வரைக்கும், நஞ்சை இரண்டரை ஏக்கர் அல்லது புஞ்சை அஞ்சு ஏக்கருக்குள்ள வச்சிருந்து தானே பயிர் வைக்கிறவங்க மூல உறுப்பினர். குத்தகைக்குப் பயிர் வைக்கிறவங்களும் உண்டு, கூலிக்கு நடவு நடுறவங்களும் உண்டு. வீட்டில் இருக்கிற மத்தவங்க சார்ந்தோர். பிள்ளைகள் படிப்புக்கு உதவி, கல்யாணத்துக்குப் பையனா இருந்தா 8,000, பொண்ணா இருந்தா 10,000, விபத்தில் செத்தா அப்போ ஒரு லட்சம், ஈமச்சடங்குக்கு அப்போ 2,500. பெரிய தொகை இல்லைதான். ஆனா பாம்பு கடிச்சுச் செத்தவன் வீட்டுக்கு அந்த ஒரு லட்சம் என்னன்னு கயனியில இருக்கிறவங்களுக்குத் தெரியும்.

அதில் சாட்சி யாருன்னா கிராம நிர்வாக அலுவலர். எங்க பக்கத்தில் பெரியவங்க இன்னும் மணியக்காரர்னுதான் சொல்லுவாங்க. பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் முறையை எம்.ஜி.ஆர். 1980-ல் எடுத்துட்டு வி.ஏ.ஓ.வைக் கொண்டு வந்தார். வி.ஏ.ஓ. அடங்கல் எழுத வரப்புக்கு வரணும். எந்த சர்வே நம்பரில் என்ன பயிர் நிக்குது, சொர்ணவாரியா நவரையா, யார் வச்சிருக்காங்கன்னு அவருக்குத் தெரியணும். எல்லாரும் ஒழுங்கா வந்தாங்கன்னு சொல்ல மாட்டேன், டீக்கடையில உட்கார்ந்து எழுதினவங்களும் உண்டு. இருந்தாலும் சாட்சி ஒரு மனுஷன். அவர்கிட்டப் போய் "சார், அது நான் பயிர் வச்சது" அப்படீன்னு சொல்ல முடியும். நாலு பேரைக் கூட்டிட்டுப் போய்ச் சண்டையும் போட முடியும்.

2019-ல் பி.எம். கிசான் வந்தது. அந்த வருஷம் பிப்ரவரி 24 கோரக்பூரில் ஆரம்பிச்சாங்க. வருஷத்துக்கு 6,000, மூணு தவணையா 2,000, நேரா பேங்குக்கு. முதல்ல ரெண்டு ஹெக்டேருக்குள்ள இருக்கிறவங்களுக்கு மட்டும்னு இருந்தது, அப்புறம் நிலம் வச்சிருக்கிற எல்லாருக்கும்னு ஆச்சு. வருமான வரி கட்டுறவங்க, அரசு உத்தியோகத்தில் இருக்கிறவங்க மாதிரி சிலருக்குக் கிடையாது. மாநிலத் திட்டத்தை இது எடுத்துடலை, பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. ஆனா சாட்சி மாறிடுச்சு. 2019 பிப்ரவரி 1 அன்னிக்குப் பட்டாவில் யார் பேரு இருக்கோ அவர்தான் விவசாயி. அதுக்கப்புறம் நிலம் கை மாறியிருந்தா, வாரிசா வந்தவங்களைத் தவிர மத்தவங்களுக்குக் கிடையாது. குத்தகைக்காரர் பேச்சே இல்லை.

பட்டான்னா என்னன்னு பட்டணத்துக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. இப்போ நம்ம கையில இருக்கிற பட்டாக்கள் நிறைய, 1979-லேருந்து 1987 வரைக்கும் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் எழுதினது. அப்போ தாத்தா பேரில் எழுதினது, அதுக்குள்ள மூணு பாகம் ஆகியிருக்கும். ஒருத்தர் செத்திருப்பார், ஒருத்தர் பங்கை மனைக்கு வித்திருப்பார், மீதி ஒருத்தர்தான் ஏர் ஓட்டுவார். காகிதத்தில் அது கூட்டுப் பட்டா. பெண்கள் பேரு அதில் ரொம்பக் குறைவு, களை எடுக்கிறது முக்காலும் அவங்கதான்.

குத்தகைதாரரைக் காப்பாத்த 1955-லேயே சட்டம் இருக்கு. அவங்க பேரைத் தாலுகாவில் பதிவு பண்ண 1969-ல் தனிச் சட்டமும் போட்டாங்க. ஆனா பதிவு பண்ணினா நிலம் கையை விட்டுப் போயிடும்னு நிலத்துக்காரருக்குப் பயம், பதிவு கேட்டா அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காதுன்னு குத்தகைக்காரருக்குப் பயம். அதனால எங்க பக்கத்தில் குத்தகை எல்லாம் வாய்ச்சொல்தான். இத்தனை மூட்டை நெல்லு, இல்லை இவ்வளவு பணம். எங்க ஊர் பூசலார் நாயனார் மனசுக்குள்ளயே கோயில் கட்டினாராம், காஞ்சியில ராஜா கல்லில் கட்டின கோயிலை விட்டுட்டு சிவன் இங்கதான் வந்தாராம். காகிதமே இல்லாத உடைமையை ஏத்துக்கிட்ட அதிகாரி அவர் ஒருத்தர்தான் போல.

காகிதம் சாட்சின்னு ஆனா காகிதத்தைத் தயார் பண்றவனும் வருவான். 2020-ல் கொரோனா நேரத்தில் நடந்தது பேப்பரில் படிச்சிருப்பீங்க. தானே பதிவு பண்ணலாம்னு கதவைத் திறந்தாங்க. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர்னு பல மாவட்டத்தில் நிலமே இல்லாதவங்க லட்சக்கணக்கில் உள்ளே வந்துட்டாங்க, சுமார் 110 கோடி ரூபாய்னு அரசே சொன்னது. சி.பி.சி.ஐ.டி. விசாரணை, கைது எல்லாம் ஆச்சு. அதுக்கப்புறம் பூட்டு மேல பூட்டு, ஆதார் இணைப்பு, கைரேகை, நில ஆவண இணைப்பு. திருடனுக்குப் போட்ட பூட்டுதான், தப்பு சொல்ல முடியாது. ஆனா நாப்பது வருஷம் மம்முட்டி பிடிச்ச கையில் ரேகை எங்க இருக்கு? மிஷினில் விரலை வச்சு, துடைச்சு, திரும்ப வச்சு, கடைசியில் அடுத்த வாரம் வாங்கன்னு சொல்லுவாங்க.

இது நம்ம நாட்டுக் கதை மட்டும் இல்லை. லண்டனில் டாக்சி ஓட்டுற எங்க சொந்தக்காரப் பையன் ஒருத்தன் சொன்னான். அங்க 2013-லேருந்து யுனிவர்சல் கிரெடிட்னு ஒண்ணு, பழைய உதவிகள் பலதை ஒண்ணாக் கட்டி வச்சாங்க. சொந்தத் தொழில் பண்றவன் மாசாமாசம் வரவு செலவு கணக்குக் காட்டணும். தொழில் ஆரம்பிச்சு ஒரு வருஷம் வரைக்கும் சலுகை. அதுக்கப்புறம் நீ குறைச்சலா சம்பாதிச்சாலும், இவ்வளவு சம்பாதிச்சிருப்பேன்னு அவங்களே ஒரு தொகையை வச்சுக் கணக்குப் பார்ப்பாங்களாம். நம்ம சம்பா வரவு வருஷத்தில் ஒரு தடவை. மாசக் கணக்கில் பார்த்தா பதினோரு மாசம் பூஜ்யம், ஒரு மாசம் கோடீஸ்வரன்! மாசச் சம்பளக்காரன் போட்ட அளவுகோல் அங்கயும் அப்படித்தான் இருக்கு.

2025-ல் விவசாயிக்குத் தனி அடையாள எண்ணுன்னு ஊர் ஊரா முகாம் போட்டாங்க. ஆதார், பட்டா, போன் நம்பர். எண் இல்லைன்னா இனிமே கிசான் தவணைக்குச் சிக்கல்னும் சொன்னாங்க. எங்க ஏரிப் பாசனத்தில் ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து ஒரு பெரியம்மா பயிர் வைக்கிறாங்க, சொந்த உறவு இல்லை, ஊர் முறைக்குப் பெரியம்மா. நிலத்துக்காரர் சென்னையில் இருக்கார், நல்ல மனுஷன், குத்தகையைக் கூட்டினதே இல்லை. எண் அவர் பேரில் வந்தது, 2,000-மும் அவர் கணக்குக்குத்தான் போகுது. அவர் ஏமாத்தலை, பட்டா அவர் பேரில் இருக்கு, அவ்வளவுதான். இதைப் படிக்கிறவங்களில் யாருக்காவது ஊரில் அப்பா பேரில் கொஞ்சம் கயனி இருந்து, அதை வேற யாராவது உழுதுட்டு இருந்தா, உங்க வீட்டுக் கதையும் இதேதான்.

பெரியம்மா கிட்ட 2011 அட்டை இன்னும் இருக்கு. அவங்களுக்கு இப்போ 64 நடக்குது. அடுத்த வருஷத்தோட அந்த வயசு வரம்பு முடியும். அப்புறம் மாசம் 1,200 முதியோர் பென்ஷனுக்குத்தான் மனுப் போடணும். இ-சேவை மையத்தில் என்னென்ன காகிதம் கேப்பாங்கன்னு போன வாரம் என்கிட்ட எழுதி வாங்கிட்டுப் போனாங்க. நவரைக்கு நாத்து விட்டுட்டு வந்து போடுறேன்னு சொல்லியிருக்காங்க.