கல்லூரிக் கால்பந்து இறுதியாட்டங்களில் ரசிகர் வருகை: கன்னியாகுமரி மாவட்டம்

கல்லூரி அணிகள் மோதும் மண்டல, பல்கலைக்கழக இறுதியாட்டங்களுக்கு ஊர் திரண்டு வருவது உலகில் எல்லா இடத்திலும் நடப்பதில்லை. கன்னியாகுமரி மாவட்டம் இதில் ஒரு விசித்திரம். மேற்குக் கடற்கரைச் சிற்றூர்களில் ஓர் ஊர்ப் போட்டி நடந்தால் மணலில் கால் வைக்க இடம் இருக்காது. அதே பையன்கள் கல்லூரிச் சட்டை மாட்டிக்கொண்டு இறுதியாட்டம் ஆடினால், எல்லைக்கோட்டு ஓரம் நிற்பவர்கள் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும்தான்.

இந்த மாவட்டத்தின் கால்பந்து, தேங்காப்பட்டணத்துக்கு மேற்கே கேரள எல்லைவரை நீளும் கரையில் வேர் பிடித்தது: இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி. ஆழ்கடலில் சுறா பிடிக்கப் போகும் மீனவர்களின் ஊர்கள் இவை. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயலில் பெரும் இழப்பைச் சந்தித்தவையும் இவையே. இங்கே விளையாட்டுக்கு ‘களி’ என்று பெயர். பந்து ஆடுவது ‘பந்துகளி’. சொல் மலையாளத்தோடு உறவுடையது. 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரோடு, பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. பந்தின் மீதான பித்தும் எல்லைக்கு இரு புறமும் ஒன்றுதான். உலகக் கோப்பை வந்தால் அர்ஜென்டினா, பிரேசில் கொடிகள் இங்கேயும் பறக்கும். இந்திய சூப்பர் லீக்கில் ஜாம்ஷெட்பூர், ஏடிகே அணிகளுக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர்.

ஊர்ப் போட்டிகளை நடத்துவது பெரும்பாலும் பங்குத் திருவிழாக் குழுவோ இளைஞர் மன்றமோ. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, ஊர்த் திருநாள் ஆகியவை அதற்கான காலம். அப்போதுதான் நெடுநாள் கடலில் தங்குபவர்களும் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களும் வீட்டில் இருப்பார்கள். ஆட்டத்துக்கு ஆள் சேர்வது பரிசுத் தொகையினால் மட்டும் அல்ல. பந்தை உருட்டும் பையன் யார் வீட்டுப் பிள்ளை என்பது பார்ப்பவர் எல்லோருக்கும் தெரியும். அத்தையும் சித்தப்பாவும் பார்க்க வந்துவிட்டால் பார்வையாளர் எண்ணிக்கைக்கு என்ன குறை?

கல்லூரி ஆட்டத்துக்கு அந்த உறவு அமையவில்லை. முக்கியக் காரணம், என் கணிப்பில், இந்த மாவட்டக் கல்லூரிகளின் பல்கலைக்கழக வரலாறு. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி போன்ற பழைய நிறுவனங்கள் சென்னைப் பல்கலைக்கழகம், 1937-இல் தோன்றிய திருவிதாங்கூர் பல்கலைக்கழகம், மாநில இணைப்புக்குப் பின் மீண்டும் சென்னை, 1966-இல் தோன்றிய மதுரைப் பல்கலைக்கழகம் என்று கைமாறி, 1990-இல் திருநெல்வேலியில் உருவான மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் வந்து சேர்ந்தன. பல்கலைக்கழக அணியின் பெயர் இத்தனை முறை மாறினால், தாத்தா கத்திய பெயரைப் பேரன் எப்படிக் கத்துவான்? தூத்தூரிலேயே அமைந்த செயின்ட் ஜூட்ஸ் கல்லூரி போன்ற ஒன்றிரண்டு இடங்களில் கல்லூரியும் ஊரும் பக்கத்தில் இருப்பதால் நிலைமை சற்று வேறு.

இரண்டாவது காரணம் போட்டியின் அமைப்பு. 1925-இல் பல்கலைக்கழகங்களிடை வாரியமாகத் தொடங்கிய இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் நாட்டை மண்டலங்களாகப் பிரித்து ஆட்டங்களை நடத்துகிறது. தென்மண்டல ஆட்டம் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒதுக்கப்படுகிறதோ, அங்கே சில நாட்களில் அடுத்தடுத்து எல்லாம் முடிந்துவிடும். இறுதியில் மோதுபவர்கள் இருவருமே வெளியூர்க்காரர்களாக இருக்கலாம். வேலை நாளின் பகல் வெயிலில், அந்நியர் இருவர் ஆடுவதைப் பார்க்க யார் வருவார்கள்?

கல்லூரி ஆட்டத்துக்குப் பெருங்கூட்டம் சேரும் நாட்டோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவில் கல்லூரி அணிகள் ‘கான்பரன்ஸ்’ எனப்படும் தொகுதிகளாகப் பிரிந்து ஆடுகின்றன. அவர்கள் ஆடுவது முட்டைவடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. தென்கிழக்குத் தொகுதி 12 அணிகளாக விரிந்ததும், 1992-இல் பர்மிங்காம் நகர லீஜியன் ஃபீல்டில் முதல் இறுதியாட்டத்தை நடத்தியது. அலபாமா 28-21 என்று புளோரிடாவை வென்றது. அரங்கில் 83 ஆயிரம் பேர். 1994 முதல் அந்த ஆட்டம் அட்லாண்டாவில் நடக்கிறது. ஆனால் எல்லாத் தொகுதிக்கும் இந்த யோகம் இல்லை. அட்லாண்டிக் கரைத் தொகுதி 2005-இல் ஜாக்சன்வில்லில் தொடங்கி, 2008-இல் டாம்பாவுக்கு நகர்ந்து, கூட்டம் போதாமல் 2010-இல் சார்லட்டுக்குப் போனது. பசிபிக் தொகுதி சான் பிரான்சிஸ்கோ அருகே லீவைஸ் அரங்கில் காலி இருக்கைகளைப் பார்த்தபின் 2021-இல் லாஸ் வேகஸுக்குப் பெயர்ந்தது. இறுதியாட்டத்துக்கு ஒரு பயணம், அதன்பின் பருவ முடிவில் வரும் ‘பவுல்’ எனப்படும் சிறப்பு ஆட்டத்துக்கு இன்னொரு பயணம் என்று இரட்டைச் செலவு வரும்போது ரசிகர் இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்கிறார். பட்டத்தைவிட ஊர் நெருக்கமே ஆளைக் கூட்டுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பக்கத்திலேயே பாருங்கள். 2022 மே 2 அன்று கேரளத்தின் மஞ்சேரி பையநாடு அரங்கில் நடந்த, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பை இறுதியில் கேரளம் 1-1 என்ற சமநிலைக்குப் பின் பெனால்டி முறையில் மேற்கு வங்கத்தை வென்றது. அரங்கு நிரம்பி வழிந்தது. சொந்த மாநிலம், சொந்த மண். 2023 மார்ச் 4 அன்று அதே கோப்பையின் இறுதி சவூதி தலைநகர் ரியாத்தில் நடந்து கர்நாடகம் 3-2 என்று மேகாலயத்தை வென்றபோது, அத்தனை பெரிய அரங்கில் அந்த ஆரவாரம் இல்லை. கூட்டம் மிகுந்தால் ஆபத்தும் உண்டு. மலப்புறம் மாவட்டத்தில் 2022 மார்ச் 19 இரவு, அணிக்கு ஏழு பேர் ஆடும் ஒரு ‘செவன்ஸ்’ ஆட்டத்தின்போது தற்காலிக மூங்கில்-பலகை மேடை சரிந்து ஏராளமானோர் காயமடைந்தனர். குமரிக் கடற்கரை ஊர்க்குழுக்களும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மாவட்டத்தின் மலைப்பக்கம் தனிக்கதை. பேச்சிப்பாறை அணை 1906-இல் கோதையாற்றின் குறுக்கே முடிக்கப்பட்டது. அதைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்களும் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளும். அங்கிருந்து கடற்கரைக் களிக்கு வர வேண்டுமானால் குலசேகரம், மார்த்தாண்டம், நித்திரவிளை என்று பேருந்து மாறி இறங்கி ஏற வேண்டும். இரவு விளக்கில் நடக்கும் இறுதியாட்டத்துக்கு வரும் மலையூர் இளைஞர்கள் பேருந்தை நம்பாமல் இருசக்கர வாகனத்திலேயே வந்துபோகிறார்கள். கல்லூரி இறுதியாட்டம் என்றால் அந்தப் பயணமும் கிடையாது.