கண்டுபிடிச்சா மட்டும் போதுமா... பேர் வைக்க வேண்டாமா? தீவுகளின் புது உயிரினங்கள் சொல்லும் கதை!

'புதிய உயிரினம் கண்டுபிடிப்பு' என்று போனில் ஒரு நோட்டிஃபிகேஷன் வருகிறது. க்யூட்டான ஒரு தவளை போட்டோ, ஒரு லைக், அடுத்த ஸ்க்ரோல்... அவ்ளோதான். ஆனால் அந்த ஒரு வரிச் செய்திக்குப் பின்னால் பல வருட உழைப்பு இருக்கலாம். காட்டில் ஓர் உயிரினத்தைப் பார்ப்பது பாதி வேலைதான். அதை முறைப்படி விவரித்து, பேர் வைத்தால்தான் அறிவியலின் கணக்கில் அது சேரும். அந்த மீதிப் பாதியைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

ஏன் தீவுகள்?

சுற்றிலும் கடல். உள்ளே மாட்டிக்கொண்ட உயிரினம் வெளியே இருக்கும் சொந்தங்களோடு கலக்க முடியாது. பல்லாயிரம், லட்சம் வருடங்கள் இப்படியே போனால் அது தனி இனமாகவே மாறிவிடும்.

இந்தோனேசியாவில் ஃப்ராங்க் ரைன்ட் என்ற ஆய்வாளரின் குழு, இந்த லாஜிக்கை வைத்தே தேட வேண்டிய இடத்தை முடிவு செய்தது. பனியுகத்தில் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் இறங்கியது. அப்போது ஆழம் குறைந்த கடலில் இருந்த தீவுகள் பக்கத்து நிலத்தோடு ஒட்டிக்கொண்டன. ஆழ்கடல் சூழ்ந்த தீவுகள் அப்போதும் தனியாகவே நின்றன. அப்படியானால் அங்கேதானே வித்தியாசமான பறவைகள் இருக்கணும்?

சுலவேசிக்குக் கிழக்கே இருக்கும் தாலியாபு, பெலெங் தீவுகளுக்கு 2013 கடைசியில் கிளம்பினார்கள். பழைய காலத்து சேகரிப்பாளர்கள் அவ்வளவாக ஏறாத மலைக்காடுகளில் தேடினார்கள். ஆறே வாரம்! 5 புதிய பறவை இனங்கள், 5 துணை இனங்கள். உலகம் முழுக்கவே ஒரு வருடத்துக்கு சராசரியாக ஐந்தாறு புதிய பறவைகள்தான் பட்டியலில் சேருகின்றன என்பதால், இது செம அறுவடை. ஆனால் ஆய்வுக்கட்டுரை வெளியானது 2020-ல்தான்.

இடையில் அத்தனை வருடம் என்ன வேலை?

முதலில் ஒரு மாதிரி வேண்டும். அந்த இனத்துக்கே ஆதாரமாக அருங்காட்சியகத்திலோ, தாவரம் என்றால் உலர்தாவரக் காப்பகத்திலோ வைக்கப்படும் அந்த மாதிரிக்கு 'ஹோலோடைப்' என்று பெயர். நாளைக்கு யாருக்காவது சந்தேகம் வந்தால் அதை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து ஒப்பீடு. ஏற்கெனவே பேர் வைத்த சொந்தக்காரர்களிடமிருந்து இது எங்கே வேறுபடுகிறது? அளவு, நிறம், எலும்பு, டி.என்.ஏ, குரல் எல்லாவற்றையும் அலசுவார்கள். மடகாஸ்கரின் குட்டிப் பச்சோந்தி 'ப்ரூகேசியா நானா'வை எடுத்துக்கொள்ளுங்கள். 2012-ல் கிடைத்தது ஓர் ஆண், ஒரு பெண். ஆணின் உடல் நீளம் வால் நீங்கலாக 13.5 மில்லிமீட்டர். விரல் நுனியில் உட்கார்ந்துவிடும்! 'இது வளர்ந்ததா, இல்லை குட்டியா?' என்ற கேள்வி வரும்தானே? பெண்ணை ஸ்கேன் செய்தார்கள். உள்ளே முட்டைகள் இருந்தன. ஆக, வளர்ந்ததேதான். 2021-ல் பேர் கிடைத்தது.

கடைசியாகப் பேர். பேரினம், சிற்றினம் என இரண்டு சொற்கள். தன் பெயரையே வைத்துக்கொள்வது மரபு இல்லை. பெலெங்கின் ஒரு விசிறிவால் பறவைக்கு இந்தோனேசியாவின் முன்னாள் அதிபர் ஹபிபி பெயரை வைத்தார்கள். தாவரங்களுக்கு 2011 வரை லத்தீன் விவரிப்பு கட்டாயம். 2012 முதல் ஆங்கிலமும் ஓகே.

பேர் இல்லேன்னா என்ன ஆகும்?

அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினங்களின் பட்டியல், பாதுகாப்புச் சட்டம், நிதி... எல்லாமே பேரை வைத்துத்தான் நகரும். பேர் இல்லாத இனம் அழிந்தால் கணக்கில்கூட வராது. இலங்கையின் இரண்டு புதர்த் தவளைகளுக்கு 2007-ல் பேர் வைத்தார்கள். 19-ம் நூற்றாண்டில் பிடித்து, லண்டன் அருங்காட்சியகத்தில் வைத்திருந்த மாதிரிகளை ஆராய்ந்து வைத்த பேர் அது. காட்டில் தேடினால் அந்தத் தவளைகள் இல்லை. பேர் வைக்கும்போதே அவை அழிந்தவை!

பேர் வந்தாலும் ஆபத்து உண்டு

உலகின் மிகப்பெரிய தேனீ இனமான வாலஸ் ராட்சதத் தேனீ, இந்தோனேசியாவின் வடக்கு மலுக்குத் தீவுகளில் வாழ்வது. 2018-ல் இதன் பதப்படுத்திய உடல் ஒன்று ஈபே தளத்தில் 9,000 டாலருக்கு மேல் ஏலம் போனது. அரிய உயிர் என்ற பேர் பரவினால், கூடவே விலையும் ஏறும்.

இதை மடகாஸ்கரில் சாமர்த்தியமாகச் சமாளித்தார்கள். அங்கே முந்திரித் தோட்டம் நடத்திய ஒரு குடும்பம் ராட்சதப் பனை ஒன்றைப் பார்த்து போட்டோ எடுக்க, அது இணையம் வழியாக லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் பனை நிபுணர் ஜான் டிரான்ஸ்ஃபீல்டின் கண்ணுக்கு வந்தது. 2008-ல் 'டஹினா ஸ்பெக்டாபிலிஸ்' என்ற பேர் வந்தது. 18 மீட்டர் உயரம், 5 மீட்டர் அகல இலை. நம்ம தாளிப்பனை மாதிரியே வாழ்நாளில் ஒரே ஒருமுறை பூத்து, காய்த்து, செத்துப்போகும். அப்போது தெரிந்திருந்த மரங்கள் 100-க்கும் குறைவு. திருட்டுக்கு முந்திக்கொண்டு விதைகளை முறைப்படி உலகம் முழுக்க விற்று, அந்த வருமானத்தில் உள்ளூர் கிராமத்துக்கும் பங்கு கொடுத்தார்கள். மரம் நின்றால்தான் காசு என்றால், வெட்ட யாருக்கு மனசு வரும்?

உங்கள் போனும் உதவும்

டூர் போகும் இடத்தில் தெரியாத பூவோ பூச்சியோ கண்ணில் பட்டால், பிடிக்க வேண்டாம். பல கோணங்களில் போட்டோ எடுத்து 'ஐநேச்சுரலிஸ்ட்' ஆப்பில் போடுங்கள். ஆபத்தில் இருக்கும் இனம் என்றால், அதன் துல்லியமான இடத்தை அந்த ஆப்பே மறைத்துவிடும். இன்ஸ்டாவில் மட்டும் லொகேஷன் டேக் வேண்டாமே, ப்ளீஸ்!