ஓர் ஆங்கிலக் கூட்டுவினையும் சிலுவைச் செய்தியும்

தமிழில் 'காட்டு', 'கொடு' என்னும் வினைகளில் வஞ்சகம் இல்லை. அவை இணைந்த 'காட்டிக்கொடு' என்பதில் உண்டு. ஆங்கிலத்திலோ எளிய வினையோடு ஓர் இடைச்சொல் சேர்ந்தாலே புதுப்பொருள் பிறக்கிறது. 'கிவ்' என்பது கொடு. 'அப்' என்பது மேலே. 'கிவ் அப்' என்பதன் பொருளை இவ்விரண்டையும் கூட்டிப் பெற இயலாது. 1755இல் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், இத்தகைய கூட்டுவினைகளே அயல்மொழியாருக்குப் பேரிடர் தருவன என்று முன்னுரையில் குறித்தார்.

பண்டை ஆங்கிலத்தில் இவ்விடைச்சொற்கள் பெரும்பாலும் வினையின் முன்னொட்டாக நின்றன. 'மன்னி' எனப் பொருள்படும் 'ஃபர்கிவ்' அவ்வழக்கின் எச்சமாகும். காலப்போக்கில் முன்னொட்டுகள் வலுவிழந்தன. இடைச்சொல் தனித்து வினைக்குப் பின்னே நிற்கலாயிற்று. 1154ஆம் ஆண்டுவரையுள்ள செய்திகளைக் கூறும் பீட்டர்பரோ ஆண்டுக்குறிப்பில், ஸ்தேவான் அரசனிடம் சிறைப்பட்ட செஸ்டர் பிரபு தன் கோட்டைகளை ஒப்படைத்ததைக் கூறுமிடத்தில் 'கிவ் அப்' காணப்படுகிறது. ஆகவே அதன் பழம்பொருள் 'ஒப்படைத்தல்' என்பதே.

1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமம், ஆண்டவரின் மரணத்தை உரைக்கும் மாற்கு 15:37, லூக்கா 23:46, யோவான் 19:30 ஆகிய மூன்று இடங்களிலும் இவ்வினையையே ஆள்கிறது. கிரேக்க மூலத்திலோ சொற்கள் வேறு. மாற்குவும் லூக்காவும் இறுதி மூச்சை விடுதலைக் குறிக்கும் வினையை எழுதினர். யோவான் 'பரதிதோமி', அதாவது ஒப்படைத்தல், என்ற வினையை எழுதினார். ஆங்கிலம் மறைத்த இவ்வேற்றுமையை நம் சபைகளில் வழங்கிவரும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு காத்துள்ளது: முன்னிருவரிடத்தில் 'விட்டார்', யோவானில் 'ஒப்புக்கொடுத்தார்'.

இவ்வேற்றுமை சிறிதன்று. யூதாஸ் இயேசுவைக் காட்டிக்கொடுத்ததற்கும் (18:2), பிலாத்து அவரை ஒப்புக்கொடுத்ததற்கும் (19:16) யோவான் ஆண்ட வினையும் 'பரதிதோமி'யே. மனிதர் அவரை ஒப்படைத்தனர். முடிவில் அவரோ தம் ஆவியைத் தாமே ஒப்படைத்தார்.

இக்கால ஆங்கிலத்தில் 'கிவ் அப்' என்பது பெரும்பாலும் முயற்சியைக் கைவிடுதலையும் நம்பிக்கை இழத்தலையும் குறிக்கிறது. அப்பொருளை 1611ஆம் ஆண்டுப் பாடத்தில் ஏற்றி வாசிப்பவர், ஆண்டவர் சோர்ந்து தோற்றார் என்று எண்ணக்கூடும். பிரசங்கமும் அவ்வழியே பிறழும். ஆதலால் ஆங்கில வேதாகமத்தைத் துணையாகக் கொள்வோர், ஒரு கூட்டுவினை இன்று தரும் பொருளோடு நின்றுவிடாமல், மொழிபெயர்த்தோர் காலத்தில் அது தந்த பொருளையும் மூலச் சொல்லையும் ஆராய்தல் வேண்டும்.