வாளின் விலை

நமது தேசியக் கொடியிலே ஒரு சிங்கம் நிற்கிறது. அதன் முன்னங்கையில் ஒரு வாள் இருக்கிறது. பள்ளிச் சிறுவர்கள் ஆண்டுதோறும் சுதந்திர தினத்துக்கு முன் அதை வரைந்து வர்ணம் தீட்டுகிறார்கள். சிங்கத்தின் பிடரிமயிரில் செலுத்தும் கவனத்தை அவர்கள் வாளின்மீது செலுத்துவதில்லை. ஆசிரியர்களாகிய நாமும் அவ்வாறு செலுத்தும்படி சொல்லிக் கொடுப்பதில்லை. அந்த வாளுக்கு ஒரு பெயர் உண்டு: கஸ்தானை. அதற்கு ஒரு சரித்திரமும் உண்டு. இன்னொன்றும் உண்டு, அதுதான் விலை. லண்டனிலும் ஐரோப்பிய நகரங்களிலும் பழைய ஆயுதங்களை ஏலம் விடும் கூடங்களில் அது பலகாலமாகக் கைமாறி வந்திருக்கும் சரக்கு.

கஸ்தானை குட்டையான வாள்; அலகு சற்றே வளைந்திருக்கும். பிடியின் நுனியில் ஒரு சிங்க முகம் அல்லது யாளி முகம் வாய் பிளந்து நிற்கும். கைகாப்பின் முனைகளிலும் அவ்வாறே சின்னஞ்சிறு முகங்கள். பொன்தகடு, வெள்ளித்தகடு, சிவப்புக்கல் என்று அணிந்தவனின் அந்தஸ்துக்கு ஏற்ப அது அலங்காரம் பெறும். அலகைப் பார்த்தாலோ, பல வாள்களில் அது ஐரோப்பாவிலிருந்து வந்ததாக இருக்கும். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை பொறித்த அலகுகளும் உண்டு. வெட்டுவதற்காகப் பிறந்த ஆயுதமல்ல இது. கண்டி இராச்சியத்தில் திசாவைமாரும் பிரதானிகளும் தம் பதவியைக் காட்ட இடையில் தரித்த சின்னம். பின்னர் வந்த ஆங்கிலேயரும் இதை நன்கு புரிந்துகொண்டார்கள். தமக்குப் பணிந்த முதலியார்மாருக்கு உத்தியோக உடையோடு இந்த வாளையும் அணிவித்து, பொன்பிடி யாருக்கு, வெள்ளிப்பிடி யாருக்கு என்று தரம் பிரித்து வைத்தார்கள்.

பழைய வாள்களைச் சேகரிப்போர் உலகத்திலே முதலிடம் ஜப்பானிய வாளுக்குத்தான். அந்தச் சந்தையின் கதையைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். நம்முடைய கதை அதனால் தெளிவாகும்.

ஜப்பானில் வாள் நெடுங்காலமாகவே வியாபாரப் பொருளாகவும் இருந்தது. 15ஆம் நூற்றாண்டில் சீனத்து மிங் அரசுக்குக் கப்பல்களில் பல்லாயிரக்கணக்கான வாள்கள் ஏற்றுமதியாயின. ஆனால் நல்ல வாள் சாமுராய் வர்க்கத்தின் பிறப்புரிமையாகக் கருதப்பட்டது. 1876ஆம் ஆண்டு மெய்ஜி அரசாங்கம் பொதுவிடங்களில் வாள் தரிப்பதைத் தடை செய்தது. பரம்பரைப் படியும் அதே காலத்தில் நிறுத்தப்பட்டது. பசி வந்த வீட்டில் பெருமை எத்தனை நாள் தங்கும்? பாட்டன் முப்பாட்டன் வாள்கள் விற்பனைக்கு வந்தன. மேல்நாட்டு யாத்திரிகர்கள் மலிவாக வாங்கிச் சென்றார்கள். வாள் அடித்த கொல்லர்கள் சமையற்கத்தியும் அரிவாளும் அடிக்கப் போனார்கள்.

இரண்டாவது அலை 1945இல் வந்தது. தோல்வியுற்ற ஜப்பானில் ஆயுதங்கள் அனைத்தையும் ஒப்படைக்குமாறு ஆக்கிரமிப்புப் படை கட்டளையிட்டது. நூற்றாண்டுகள் பழமையான கலைப்பொருளும், போர்க்காலத்தில் தொழிற்சாலையில் இயந்திரத்தால் தயாரான அதிகாரி வாளும் ஒரே குவியலில் விழுந்தன. உருக்கப்பட்டவை பல; நினைவுப் பொருளாகச் சிப்பாய்களின் மூட்டைகளில் கப்பலேறியவை பல. தொக்குகாவா குடும்பத்தில் வழிவழி வந்த ‘ஹொன்ஜோ மசமுனே’ என்னும் புகழ்பெற்ற வாள் 1945 டிசம்பரில் தோக்கியோவின் ஒரு போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டது. அதன்பின் அதைக் கண்டவர் இல்லை. அறிஞர்கள் மன்றாடியதன் பேரில் கலைமதிப்புள்ள வாள்களுக்கு விலக்குக் கிடைத்தது. 1948இல் வாட்கலையைப் பாதுகாக்க ஒரு சங்கம் தோன்றியது. 1958இல் வாள்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. இன்று அங்கே ஒரு பழைய வாளை வாங்குவோன் அதன் பதிவுச் சீட்டையும் கேட்டு வாங்க வேண்டும்.

ஜப்பானிய வாளுக்கு விலையை நிர்ணயிப்பது எது? பிடிக்குள் மறைந்திருக்கும் அலகின் அடிப்பகுதி. அங்கேதான் கொல்லன் தன் பெயரை வெட்டி வைத்திருப்பான். அந்தப் பகுதியில் ஏறியுள்ள கருந்துருவை யாரும் தேய்த்து அழிப்பதில்லை. அதுவே வயதுக்குச் சாட்சி. போலிப் பெயர் வெட்டி விற்கும் மோசடியும் நூற்றாண்டுக் கணக்கில் நடந்து வருகிறது. ஆகவே பெயரை மூடி மறைத்துவிட்டு, இரும்பின் நெளிவையும் கூர்விளிம்பின் வெண்கோட்டையும் பார்த்தே ஆக்கியவனைச் சொல்லும் பயிற்சியைச் சேகரிப்போர் பெறுகிறார்கள். பணக்காரர்களின் பொழுதுபோக்குத்தான், ஆயினும் அதன் நடுவே ஒரு தொழிலாளியின் பெயர் நிற்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

இனி நமது கஸ்தானையை எடுத்துக்கொள்வோம். அதில் கொல்லனின் பெயரைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். கண்டி அரசனின் பட்டறைகளில் பரம்பரையாக உழைத்த நவந்தன்ன சாதிக் கைவினைஞர்கள், தம் பெயரைப் பொறிக்கும் உரிமையைப் பெற்றவர்களாகத் தெரியவில்லை. எனவே சந்தைக்காரன் வேறொரு பெயரைத் தேடுகிறான்: இன்ன தளபதி கண்டியிலிருந்து கொண்டுவந்தது, இன்ன அதிகாரியின் குடும்பத்தில் இருந்தது என்ற பெயரை. ஜப்பானிய வாளுக்கு ஆக்கியவன் பெயர் விலையை உயர்த்துகிறது. நம் வாளுக்கோ எடுத்துச் சென்றவன் பெயர்தான் விலையை உயர்த்துகிறது.

எடுத்துச் சென்றவர்கள் பலர். 1765இல் ஒல்லாந்த ஆளுநர் வான் எக் படையோடு கண்டிக்குள் புகுந்து அரண்மனையைச் சூறையாடினார். பொன் கஸ்தானை, வெள்ளி கஸ்தானை, லெவ்கே திசாவையின் அழகிய சிறு பீரங்கி முதலியன ஒல்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1815இல் ஆங்கிலேயரின் முறை வந்தது. சிறைப்பட்ட மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832இல் அங்கேயே மாண்டான். அவனுடைய சிம்மாசனம் இங்கிலாந்துக்குப் போய் 1934இல்தான் திரும்பியது. 1820 ஜூன் மாதத்தில் கண்டி அரசனின் ஆபரணங்கள் என்று அச்சிட்ட பட்டியலோடு லண்டனில் ஏலமே நடந்தது. கொள்ளைப் பொருள் எவ்வளவு சீக்கிரம் கண்ணியமான வியாபாரப் பொருளாகிவிடுகிறது, பாருங்கள்!

ஊவாவின் கதை இதற்கும் அதற்கும் இடையில் வருகிறது.

1817 அக்டோபரில் வெல்லஸ்ஸவில் கலகம் மூண்டது. நாயக்க வம்சத்துத் துரைசாமி நானே என்று கூறிக்கொண்ட ஒருவரை மக்கள் அரசனாக ஏற்றனர். (தமிழ்ப் பெயர் தாங்கிய ஓர் அரசனுக்காகச் சிங்கள விவசாயிகள் உயிர் கொடுக்க முன்வந்த இச்செய்தியை நம் இனவாதிகள் இருசாராரும் அவ்வப்போது நினைத்துக்கொள்வது நல்லது.) பதுளையில் உதவி ரெசிடெண்டாக இருந்த டக்ளஸ் வில்சன் விசாரிக்கப் போன இடத்தில் அம்பெய்து கொல்லப்பட்டார். கலகத்தை அடக்க அரசாங்கம் அனுப்பிய ஊவாத் திசாவை கெப்பெட்டிபொல மக்கள் பக்கம் சேர்ந்தார். சேருமுன் ஆங்கிலேயர் தந்த ஆயுதங்களை அவர்களுக்கே திருப்பி அனுப்பிவிட்டார் என்று சொல்லப்படுகிறது. அந்த நயத்தைப் போற்றுவோர் பலர். எனக்கோ அதைப் படிக்கும்போதெல்லாம், அவர் பின்னால் வில்லும் அம்பும் ஏந்தி நின்ற குடியானவன் அந்த முடிவைப் பற்றி என்ன நினைத்திருப்பான் என்றே தோன்றும். பொன்பிடி வாள் அவனிடம் இருந்ததில்லை. கத்தியும் வில்லும், கிடைத்தவனுக்கு ஒரு பழைய துப்பாக்கியும், இவைதான் அவன் படைக்கலம்.

ஆளுநர் பிரவுன்ரிக் சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்ப் படைகளை வரவழைத்தார். வீடுகள் எரிக்கப்பட்டன, நெல் அழிக்கப்பட்டது, மாடுகள் கொல்லப்பட்டன. போராலும் பஞ்சத்தாலும் நோயாலும் மாண்ட கண்டிய மக்கள் ஏறக்குறைய 10,000 பேர் என்பது அக்காலத்தில் இங்கிருந்த ஆங்கில மருத்துவர் டேவியின் மதிப்பீடு. 1818 அக்டோபர் இறுதியில் பிடிபட்ட கெப்பெட்டிபொல நவம்பர் 26ஆம் தேதி கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். அங்கிருந்த இன்னொரு மருத்துவர் ஹென்றி மார்ஷல் அவருடைய மண்டையோட்டை எடுத்துச் சென்று, எடின்பரோவில் மண்டையோட்டு ஆராய்ச்சிச் சங்கமொன்றுக்குக் கொடுத்தார். வென்றிருந்தால் இவர் தேசபக்தர் எனப் போற்றப்பட்டிருப்பார் என்று பின்னாளில் எழுதியவரும் அதே மார்ஷல்தான்! அனுதாபமும் சேகரிப்பு வெறியும் ஒரே மனிதனிடம் சண்டையின்றிக் குடியிருக்க முடிந்தது. 1948இல் மண்டையோடு திரும்பியது. 1954இல் கண்டியில் நினைவுத்தூணின் கீழ் வைக்கப்பட்டது. துரோகிகள் என்ற பட்டம் சட்டப்படி நீங்க 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வாள் போனால் போகட்டும். அதைச் செய்யும் அறிவு எங்கே போயிற்று? அப்புத்தளை மலைவிளிம்புக்குக் கீழே, ஊவா எல்லையை ஒட்டிய சமனலவெவப் பகுதியில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் எழுபதுக்கு மேற்பட்ட இடங்களில் பழைய இரும்பு உலைகளின் எச்சங்கள் கிடைத்தன. துருத்தி இல்லாமல், தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தையே ஊதுகாற்றாகக் கொண்டு இயங்கிய உலைகள் அவை. காலம் 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை. தொல்லியல் ஆய்வாளர் கில் ஜூலெஃப் 1994இல் அதே முறையில் உலை கட்டி, இரும்பும் உருக்கும் எடுத்துக் காட்டினார். 1996இல் முடிவுகள் வெளியாயின. 9ஆம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல்கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில் செரந்தீப உருக்கைக் குறிப்பிட்டது ஏன் என்பது அதன்பின் நன்றாக விளங்கிற்று. அந்த இடங்களில் சில இப்போது நீர்த்தேக்கத்தின் அடியில்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆனந்த குமாரசுவாமி பலாங்கொடைப் பக்கத்தில் உருக்குச் செய்யும் முறையை அறிந்த கடைசித் தலைமுறையைக் கண்டு எழுதி வைத்தார். 1908இல் வெளியான ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் அவரது நூல் அக்கைவினைஞர்களின் வாழ்வைச் சொல்லும் சாசனம். அரசன் போனபின் அரச பட்டறையும் போயிற்று. சீமை இரும்பு துறைமுகத்தில் மலிவாக வந்திறங்கியது. தமிழகத்திலும் இதே கதிதான். தஞ்சை அரசு 1855இல் முடிந்தபின், மராட்டிய மன்னர்களின் ஆயுதசாலையில் இருந்தவற்றில் சிறந்த சில சென்னை அருங்காட்சியகத்துக்குப் போக, மற்றவை உடைத்துப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. எஞ்சியதற்கு இன்று சேகரிப்போர் கொடுக்கும் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

வெறிச்சோடிய ஊவாவில் 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தின் துணையோடு காப்பி வந்தது, பிறகு தேயிலை வந்தது. தமிழகத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து நம் மூதாதையர் வந்தார்கள். அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட இரும்பு கவ்வாத்துக் கத்தி. அதுவும் வளைந்த அலகுதான். ஒவ்வொரு தலைமுறையும் தீட்டித் தீட்டி அதைத் தேய்த்து முடித்தது. அதை எந்த ஏலக்காரனும் கேட்டதில்லை. வாள் என்று அவர்கள் கையில் எடுத்தது கூத்தில் மரவாளும், காவல் தெய்வத்தின் முன் நட்ட அரிவாளும்தான். 1940 மே மாதத்தில் பதுளைக்கருகே வேவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் சபை அமைத்துப் போராடியபோது, அடக்க வந்த போலீசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர்கள் பறித்ததாக இடதுசாரி இயக்க வரலாறு கூறுகிறது. பின்னர் வந்த அடக்குமுறை கொடியது.

ஜப்பானிய வாளும் நம் மக்களை வந்து தொட்டதுண்டு. இதே தோட்ட முறை மலாயாவுக்கு அனுப்பிய தமிழர்களில் பல்லாயிரவர் 1942–43இல் சயாம் – பர்மா ரயில் பாதையில் செத்து மடிந்தனர். அந்தப் பாதையில் இடையில் வாளோடு நடந்த அதிகாரிகள் 1945இல் அவ்வாள்களை ஒப்படைத்தார்கள். கண்டிக்கருகே பேராதனையில் தலைமையகம் வைத்திருந்த மவுண்ட்பேட்டன் பிரபு, வாளைப் பகிரங்கமாகக் கையளித்தே தீரவேண்டும் என்று வற்புறுத்தினார். ஜப்பானியத் தளபதி தெராவுச்சி சைகோனில் அவரிடம் கொடுத்த பழம்பெரும் வாள்கள் இரண்டு. அவற்றில் ஒன்று மன்னர் ஆறாம் ஜார்ஜுக்குப் போயிற்று. ரயில் பாதையில் மாண்ட தோட்டத் தொழிலாளியின் மனைவிக்கு என்ன போயிற்று என்பதை அந்த வாள்களின் சரித்திரம் எழுதுவோர் குறிப்பதில்லை.

ஆயினும் ஒரு நல்ல செய்தியும் அந்தப் பக்கத்தில் உண்டு. அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஒரு பழம்பொருள் கடையில் கொம்ப்டன் என்ற சேகரிப்பாளர் வாங்கிய வாள், ககோஷிமாவின் தெருகுனி ஆலயத்துக்குச் சொந்தமான தேசியப் பொக்கிஷம் என்று தெரியவந்தது. 1963இல் அவர் காசு வாங்காமலே அதைத் திருப்பிக் கொடுத்தார். கொல்லன் குனிமுனேயின் பெயரும் ஆலயத்தின் பதிவும் இருந்ததால் அது வீடு திரும்ப வழி இருந்தது.

நமது சட்டம் என்ன செய்தது? 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம், அனுமதியின்றித் தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதைத் தடுத்தது. தொல்பொருள் என்பதற்கு அது அன்று வகுத்த எல்லை 1815 மார்ச் 2ஆம் தேதிக்கு முற்பட்டது என்பது, அதாவது கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அந்த நாளோடு பழமை முடிந்து ஆங்கில ஆட்சி தொடங்கிற்றாம்! இந்தக் கணக்கின்படி 1818இல் வெல்லஸ்ஸக் குடியானவன் செய்த ஒரு வில்லோ, கலகத்துக்கென அடித்த ஒரு கத்தியோ தொல்பொருள் அல்ல. மன்னன் அரண்மனையில் தொங்கிய பொன்வாளே தொல்பொருள். பண்பாட்டுச் சொத்துக்களின் ஏற்றுமதிக்கும் வியாபாரத்துக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டுமென்ற தனிச்சட்டம் 1988இல்தான் வந்தது.

2023இல் ஒல்லாந்து அரசாங்கம், 1765இன் கொள்ளைப் பொருள்களில் ஆறினை இலங்கைக்குத் திருப்பித் தந்தது. லெவ்கேயின் பீரங்கி, பொன் கஸ்தானை, வெள்ளி கஸ்தானை, ஒரு கத்தி, இரண்டு பெருந்துப்பாக்கிகள். அவை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. பதுளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளிலிருந்து சுற்றுலா செல்லும் ஆசிரியர்கள், அந்தக் கண்ணாடிப் பெட்டியைக் காண நேர்ந்தால் பிள்ளைகளைச் சற்று நிறுத்தி, பொன்பிடியைக் காட்டியபின் அலகையும் காட்டட்டும். அந்த இரும்பை எந்த ஊர் உலையில் யார் உருக்கினார்கள் என்று அவர்களிடமே கேட்கட்டும்.