நம் மலையின் பொன்பல்லி

காட்டுயிர்களை ஆராய்ந்த அறிஞர்தம் வரலாற்றைச் சிறுவர்க்கென எழுதும் வழக்கம் மேனாட்டில் நன்கு வேரூன்றியுள்ளது. 1960இல் ஆப்பிரிக்காவின் கோம்பே காட்டிற்குச் சென்று சிம்பன்சிகளை ஆராய்ந்த ஜேன் குடால் அம்மையார், 1988இல் தம் வாழ்க்கையைச் சிறுவர்க்கான நூலாகத் தாமே எழுதினார். அத்தகைய நூல்களை நம் பிள்ளைகளும் படிக்கின்றனர், மகிழ்ச்சியே. ஆயின் கோம்பேயை அறிந்த பிள்ளை, திருப்பதியில் நாள்தோறும் கண்ணெதிரே காணும் மலையின் கதையை அறியாதிருத்தல் முறையாகுமோ?

அக்கதையைச் சிறிது கூறுவோம். சித்தூரும் திருப்பதியும் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. சித்தூரே அதன் தலைநகர். அந்நாளில் சென்னை மாகாண வனத்துறைத் தலைவராயிருந்த பெட்டோம் என்பார், திருப்பதி மலைப்பாறைகளில் கிடைத்த ஒரு பல்லியை 1870இல் உலகிற்கு அறிவித்தார். இனம்பெருக்கும் காலத்தில் ஆண்பல்லி பொன்னிறம் பூணுமாதலின், இலத்தீனிலும் பொன்னென்றே பெயரிட்டார். காஞ்சி வரதராசர் கோயிலில் தங்கப்பல்லியைத் தொட்டு வணங்கிவந்த நம் தாய்மார்க்கு, உயிருள்ள பொன்பல்லி இம்மலையில் உலவுவது வியப்பன்றோ!

அதன்பின் நெடுங்காலம் அப்பல்லியைப் பற்றிய பேச்சே அருகிற்று. 1986இல்தான் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சார்ந்த டேனியல், பாரத் பூஷண், சேகர் ஆகிய மூவர், கிழக்குத் தொடர்ச்சி மலையில் அதனை மீண்டும் கண்டதாக எழுதினர்.

அதே ஆண்டு சனவரியில் அண்டை மாவட்டமான கடப்பையில் நிகழ்ந்ததோ இன்னும் சுவையானது. ஜெர்டன் என்னும் படை மருத்துவர் பெயரால் வழங்கும் பறவையொன்று, 1900இல் அனந்தபுரத்தருகே காணப்பட்டபின் எவர் கண்ணிலும் படவில்லை. அற்றுப்போயிற்றென்றே அறிஞர் பலர் கைவிட்டனர். பாரத் பூஷண் புத்தகத்தை மட்டும் நம்பாது, ஊர்மக்களிடம் படத்தைக் காட்டி வினவினார். அவர்களோ, "கலிவிகோடி" என்று அதற்குப் பெயரே வைத்திருந்தனர்! பகலில் முட்புதரில் பதுங்கி இரவில் இரைதேடும் பறவையாதலின், பகலில் தேடியோர் ஏமாந்தனர். இரவில் விளக்குடன் வேட்டையாடிப் பழகிய ஊரார் கையில் அது அகப்பட்டது.

இக்கதையைச் சிறுவர்க்கு எழுதுவோர் அவ்வூராரை மறைத்து அறிஞரை மட்டும் வீரராக்குவரேல், அது பாதிக்கதையே என்பது எம் கருத்து. அதனைத் தமிழில் எழுதவேண்டியோர் நம்மவரே. பள்ளியில் தெலுங்கும் வீட்டில் தமிழுமாய் வளரும் நம் பிள்ளைக்குக் கலிவிகோடியின் பொருள்கூற அகராதி வேண்டா. கோடி என்பது கோழி, கலிவி என்பது நம் களாச்செடி.