சகோதரர் மோஸ்கேனியின் சுவர்கள்

ஆலயக் கலை பற்றி எழுதுமாறு மலர்க் குழுவினர் பணித்தனர். ஆலய ஓவியம் என்றாலே நம்மவர் மனம் உரோமையின் சிஸ்டைன் சிற்றாலயத்துக்குப் போய்விடுகிறது. அதே இத்தாலிய மரபில் வந்த ஒருவரின் கைவண்ணம், மங்களூர்க் கலங்கரை விளக்கக் குன்றின் மேல், புனித ஞானப்பிரகாசியார் கல்லூரிச் சிற்றாலயத்தில் நூற்றாண்டு கடந்தும் ஒளிர்கிறது. அவர் அந்தோனியோ மோஸ்கேனி, இயேசு சபைச் சகோதரர். அவரைத் தந்தை என்று சொல்வோரும் எழுதுவோரும் உண்டு. குருப்பட்டம் பெறாத அவருக்குச் சாரமே பிரசங்க மேடையாயிற்று.

1854 ஜனவரி 17 அன்று வட இத்தாலியில் பெர்கமோ நகரை அடுத்த ஸ்தெத்சானோவில் பிறந்தார். பெர்கமோவின் கர்ராரா கலைக்கூடத்தில் பயின்றார். உரோமைக்குச் சென்று வத்திக்கான் ஓவியங்களைக் கண்ணாரக் கண்டு கற்றார். ஓவியராகத் தேர்ந்த பின், 1889இல் இயேசு சபையில் சேர்ந்தார். வெனிஸ் மாநிலச் சபையார் 1878 இறுதியில் மங்களூர் மறைப்பணியை ஏற்று, 1880இல் அங்கே கல்லூரி தொடங்கியிருந்தனர். அதன் சிற்றாலயத்துக்கு வண்ணம் தீட்ட 1898இல் சகோதரர் வந்து சேர்ந்தார்.

விடுதலைப் பயண நூலின் 31ஆம் அதிகாரத்தை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். ஆண்டவர் மோசேயிடம் பெட்சலேலைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவரைத் தம் ஆவியால் நிரப்பியதாக அறிவிக்கிறார். பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்யவும், கல் இழைக்கவும், மரம் செதுக்கவும் அந்த ஆவி அருளப்பட்டது. கைவேலைக்குத் தூய ஆவியின் அருள்! 600ஆம் ஆண்டை ஒட்டி, மார்சேய் ஆயர் செரேனுஸ் ஆலயப் படங்களை உடைத்தெறிந்தபோது திருத்தந்தை பெரிய கிரகோரியார் அவரைக் கண்டித்து எழுதினார். எழுத்தறிந்தவர் ஏட்டில் படிப்பதை எழுத்தறியாதவர் சுவரில் படிக்கிறார் என்பது அவரது வாதம். மங்களூர்ச் சுவர்கள் அந்த வாதத்துக்குச் சான்று.

ஈரச் சுவரில் வரைவது அவசரமான கலை. ஒரு நாளில் வரைந்து முடிக்கக்கூடிய இடத்துக்கு மட்டுமே சுண்ணாம்புச் சாந்து பூசப்படும். அது காய்வதற்குள், தண்ணீரில் குழைத்த வண்ணங்களைத் தீட்டிவிட வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக் கல்லாக இறுகும்போது வண்ணமும் அதற்குள்ளேயே தங்கிவிடும். கை பிசகினால் அழித்துத் திருத்த வழியில்லை. பூச்சைச் சுரண்டிவிட்டு மறுபடி சாந்து பூச வேண்டியதுதான். இப்படிப்பட்ட பயிற்சியில் வளர்ந்த கைதான் அரபிக் கடலோரத்தின் ஈரக் காற்றில் விதானத்தையும் சுவர்களையும் நிரப்பியது. துணியில் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியங்களும் அங்கே உண்டு.

விதானத்தில் ஞானப்பிரகாசியாரின் வாழ்வு விரிகிறது. கர்தினால் பொரோமியோவின் கையால் அவர் முதல் நற்கருணை வாங்குகிறார். கொள்ளைநோய் கண்டவர்களுக்குப் பணிவிடை செய்கிறார். அந்தத் தொண்டிலேயே 1591 ஜூன் 21 அன்று, 23 வயதில் உயிர் நீத்தவர் அவர். சகோதரர் 1899இல் பணியைத் தொடங்கியபோது, 1896இல் பம்பாயில் மூண்ட கொள்ளைநோய் இன்னும் அடங்கவில்லை. 1902இல் அதே மங்களூரில் தந்தை முல்லர் கொள்ளைநோய் மருத்துவமனை திறந்தார். விதானத்தை அண்ணாந்து பார்த்த அக்கால மக்களுக்கு அது பழங்கதையாகத் தோன்றியிருக்காது.

பீடப்பக்கத்து ஓவியங்களில் இயேசு சபைப் புனிதர்கள் நிற்கிறார்கள். இஞ்ஞாசியார், சவேரியாரோடு அல்போன்ஸ் ரொட்ரிகெஸ், பீட்டர் கிளேவர், பெர்க்மான்ஸ் அருளப்பர் ஆகியோரும் உண்டு. இம்மூவருக்கும் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் புனிதர் பட்டம் அளித்தது 1888இல். மோஸ்கேனி சபையில் சேர்ந்தது மறு ஆண்டு. அல்போன்ஸும் அவரைப் போலவே குருப்பட்டம் பெறாத சகோதரர்தாம். மயோர்க்காத் தீவுக் கல்லூரியில் நெடுங்காலம் வாயில் காத்தவர். அங்கே மாணவராக இருந்த கிளேவரை அமெரிக்க மறைப்பணிக்குத் தூண்டியவரும் அவரே. கார்த்தஹேனாத் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக வந்திறங்கிய அடிமைகளுக்குக் கிளேவர் தம் வாழ்நாளை ஈந்ததன் பின்னால் ஒரு வாயிற்காவலரின் அறிவுரை இருந்தது. அவரை வரையும் வாய்ப்பு இன்னொரு சகோதரருக்கே கிடைத்தது இறைவனின் ஏற்பாடு என்றே கொள்ளத் தகும்.

நம் அருளானந்தரும் அங்கே இருக்கிறார். ஓரியூர் மறைசாட்சியின் வரலாற்றை இம்மலரின் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும் குறிக்கத் தக்கது. அவருக்கு 1853இல் முத்திப்பேறு பட்டமும் 1947இல் புனிதர் பட்டமும் கிடைத்தன. ஆகவே திருச்சபை அவரைப் புனிதரென அறிவிப்பதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பே, மறவ நாட்டின் அந்தச் சாட்சி மங்களூர்ச் சுவரில் இடம் பெற்றுவிட்டார்.

சகோதரரின் கடைசிப் பணி கொச்சிக் கோட்டையின் சாந்தா குருஸ் பேராலயம். மங்களூர்ச் சீடர் தெ காமா உடன் உழைத்தார். தா வின்சியின் ஓவியத்தை முன்மாதிரியாகக் கொண்ட இறுதி இராவுணவும் அங்கே உண்டு. 1905 நவம்பர் 15 அன்று சகோதரர் இறையடி சேர்ந்தார். பேராலயம் நேர்ந்தளிக்கப்பட்டது 19ஆம் நாள்.

மங்களூர் ஓவியங்களை 1990களின் தொடக்கத்தில் மரபுச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் வல்லுநர்கள் பழுதுபார்த்தனர். நம் பங்குகளிலோ விழா நெருங்கினால் பழைய பீடங்களின் மேல் எனாமல் பூச்சு ஏறுகிறது. பங்குப் பேரவையினரே, பெயின்டரை அழைக்குமுன் கூரை ஒழுகலை அடையுங்கள். பழைய வண்ணத்தைப் படமெடுத்து வையுங்கள். அறிந்தவரிடம் காட்டிக் கேட்டபின் தூரிகையைத் தொடவிடுங்கள்.