காலனி மில் பாதை

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில், ராட்சத செகோயா மரங்கள் நிற்கும் பெருவனத்தை நோக்கி ஒரு பழைய பாதை ஏறுகிறது. காலனி மில் பாதை என்று பெயர். வெயிலும் விடாத ஏற்றமும். 1926-இல் நெடுஞ்சாலை திறந்தபின் அநேகமாக எல்லோரும் வாகனத்தில்தான் வனத்துக்குப் போகிறார்கள். இந்தப் பாதையில் நடப்பவர் சிலரே. ஆனால் வனத்தின் சரித்திரத்தைப் படிக்க வேண்டிய இடம் இதுதான்.

1885-இல் சான் பிரான்சிஸ்கோவின் தொழிலாளர் இயக்கத்தைச் சேர்ந்த ஐம்பதுக்கு மேற்பட்டோர் இங்கே வனநிலம் கேட்டு மனுச் செய்தார்கள். பர்னட் ஹாஸ்கெல் என்ற பத்திரிகையாளரும் ஜேம்ஸ் மார்ட்டினும் முன்னின்றார்கள். மரம் அறுத்து விற்று, முதலாளி இல்லாத ஒரு கூட்டுறவுச் சமூகத்தை நடத்துவது திட்டம். பலர் ஒரே விலாசத்தைத் தந்ததில் அதிகாரிகளுக்குச் சந்தேகம். மனுக்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அவர்கள் காத்திருக்கவில்லை. 1886 முதல் 1890 வரை, கைக்கருவிகளைக் கொண்டே 18 மைல் மலைச்சாலை வெட்டினார்கள். கூலி பணமாக அல்ல, உழைத்த நிமிஷங்களைக் குறித்த சீட்டுகளாக. வனத்தின் மிகப் பெரிய மரத்துக்குக் கார்ல் மார்க்ஸ் என்று பெயர் வைத்தார்கள்.

1890 செப்டம்பர் 25-இல் செகோயா தேசியப் பூங்கா சட்டமாயிற்று. அக்டோபர் 1-இல் இன்னொரு சட்டம் பூங்காவை விரித்தது. காலனியினர் கோரிய நிலம் அதற்குள் அகப்பட்டுக்கொண்டது. நிலம் போயிற்று, சாலைக்கு நஷ்டஈடும் இல்லை. 1892-இல் காலனி கலைந்தது. மரத்துக்கு ஜெனரல் ஷெர்மன் என்ற ராணுவப் பெயரே நிலைத்தது.

இதை லட்சியவாதிகள் அரசால் வஞ்சிக்கப்பட்ட கதையாக மட்டும் சொல்லிவிடுவது நமக்கு எளிது. அனுதாபம் எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிந்ததே. ஆனால் அவர்கள் மலையேறியது மரம் அறுக்க. சற்று வடக்கே கான்வர்ஸ் பள்ளத்தாக்கில், பூங்காவுக்கு வெளியே, ஒரு கம்பெனி செகோயாக்களை ஆயிரக்கணக்கில் வீழ்த்தியது. எளிதில் நொறுங்கும் அந்த மரம், விழும்போதே சிதறியது. தேறியதில் பெரும்பகுதி கூரைச் சில்லுகளும் வேலிக்கால்களுமாயிற்று. லாபம் பொதுவாகப் பங்கிடப்பட்டால் மரம் வெட்டுப்படாது என்று யாரும் சொல்ல முடியாது. அநீதியாகப் பறித்த கையே வனத்தைக் காத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க மறுக்கிற சரித்திரம் பிரசாரமாகத்தான் முடியும்.

காலனி விட்ட இடத்திலிருந்து சாலையை 1903-இல் வனம்வரை கொண்டுசேர்த்தவர் பூங்காவின் பொறுப்பிலிருந்த குதிரைப்படைக் காப்டன் சார்ல்ஸ் யங். அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்த கறுப்பர். மற்றவர்களின் கனவுச் சாலையை அவர் உத்தியோகக் கடமையாக முடித்தார்.

இவர்கள் எல்லோருக்கும் முன்பே இங்கு மக்கள் இருந்தார்கள். 1858-இல் ஹேல் தார்ப் என்ற வெள்ளையருக்குப் பெருவனத்தைக் காட்டியவர்கள் செவ்விந்தியர்களே. கீழே ஹாஸ்பிடல் பாறையில் அவர்கள் ஓக் கொட்டை இடித்த குழிகள் இன்னும் இருக்கின்றன. மார்க்ஸா ஷெர்மனா என்ற வழக்கில் அவர்களை யாரும் கேட்கவில்லை. மரத்துக்கு வயது 2000-க்கு மேல். இந்த வழக்குக்கு 150 வருஷம்கூட ஆகவில்லை.